இன்ஸ்பிஸேட்: சுண்டி இறுகுவதைச் சொல்லும் ஓர் அரிய ஆங்கிலச் சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஆட்களுக்கு இந்தச் சொல் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் எதிர்ப்படுகிறது. ஒன்று, சைனஸ் அல்லது நெஞ்சு ஸ்கேன் ரிப்போர்ட். இரண்டு, மருத்துவ, ஆய்வகப் படிப்புகளின் நுண்ணுயிரியல் பாடம். மூன்று, பழைய ஆங்கில மருந்து நூல்களும் இலக்கியமும். சொல் ஒன்றுதான், ஆனால் இந்த மூன்று இடத்திலும் அது ஒரே வேலையைச் செய்வதில்லை. அகராதியைப் பார்த்தால் ‘கெட்டியாக்கு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்ஸ்பிஸேட் என்றால் என்ன?

நீர்மமாக இருக்கும் ஒன்று தன்னிடமுள்ள நீரை இழந்து கெட்டிப்படுவது, அல்லது அப்படிக் கெட்டிப்படச் செய்வது. அடுப்பில் வைத்துக் காய்ச்சினாலும் சரி, காற்றில் தானாக உலர்ந்தாலும் சரி, உடம்புக்குள்ளேயே நீர் உறிஞ்சப்பட்டு இறுகினாலும் சரி, மூன்றுக்கும் இதே சொல்தான்.

வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். குழம்பு தண்ணியாக இருந்தால் அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கலாம், இல்லையென்றால் அடுப்பைக் குறைத்து வைத்துச் சுண்டவிடலாம். இரண்டாவதுதான் இன்ஸ்பிஸேட். முதலாவதற்கு ஆங்கிலத்தில் ‘திக்கன்’ என்ற சாதாரணச் சொல்லே போதும்.

எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது?

எழுத்துகள்: ஐ, என், எஸ், பி, ஐ, எஸ், எஸ், ஏ, டி, ஈ. நடுவில் இரண்டு எஸ் வரும், ஒன்றை விட்டுவிடுபவர்களே அதிகம். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழும்: இன்-ஸ்பிஸ்-ஸேட். பெயர்ச்சொல்லாக்கினால் இன்ஸ்பிஸேஷன், அங்கே அழுத்தம் ‘ஸே’ மேல் போய்விடும். அடைமொழியாக வரும்போது இன்ஸ்பிஸேட்டட். வேலையைச் செய்யும் கருவிக்கு இன்ஸ்பிஸேட்டர்.

‘டிஸ்ஸிபேட்’ என்ற சொல்லோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஓசையில் நெருக்கம் இருந்தாலும் அதன் பொருள் கலைந்துபோதல், சிதறிப்போதல்.

எங்கிருந்து வந்த சொல்?

லத்தீனில் ‘ஸ்பிஸ்ஸுஸ்’ என்றால் அடர்ந்தது, கெட்டியானது. அதிலிருந்து பிற்கால லத்தீனில் ‘இன்ஸ்பிஸ்ஸாரே’ என்ற வினை உருவாகி, பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. இத்தாலிய மொழியின் ‘ஸ்பெஸ்ஸோ’, ஸ்பானிய மொழியின் ‘எஸ்பேஸோ’, பிரெஞ்சின் ‘எப்பே’ எல்லாம் இதே வேரில் வந்தவை. அந்த மூன்று மொழிகளிலும் இவை சந்தைக்குப் போகிறவரும் பேசும் சொற்கள். ஆங்கிலத்தில் மட்டும் அந்த வேர் படித்தவர்களின் அலமாரிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. காபிக் கடை ‘எஸ்பிரெஸ்ஸோ’வையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது ‘பிழிந்தெடுத்தது’ என்ற பொருளுடைய வேறொரு வேர்.

தொடக்க காலத்தில் இந்தச் சொல்லுக்குக் கட்டுப்பாடு கொஞ்சம் குறைவு. 1626-ல் மறைந்த பிரான்சிஸ் பேக்கன், சர்க்கரை மதுவின் ஆவியைக் கெட்டிப்படுத்துகிறது, அதனால் அது எளிதில் ஆவியாகிப் போவதில்லை என்று எழுதும்போது இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். அங்கே நீர் வற்றவில்லை, சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். பின்னால் வைத்தியர்களும் மருந்து செய்பவர்களும் தொடர்ந்து பயன்படுத்தியதில்தான் ‘வற்றிக் கெட்டிப்படுவது’ என்ற பொருள் நிலைத்தது.

இலக்கியத்தில் ‘இன்ஸ்பிஸேட்டட் குளூம்’ என்று வருகிறதே, அது என்ன?

இந்தச் சொல்லை ஆங்கில இலக்கிய வாசகர்கள் மறக்காமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம் சாமுவேல் ஜான்சன். 1755-ல் வெளியான தன் ஆங்கில அகராதியிலேயே இதற்கு இடம் கொடுத்தவர் அவர். 1769 அக்டோபர் 16-ஆம் தேதி லண்டனில் ஜேம்ஸ் பாஸ்வெல் வீட்டில் ஒரு விருந்து. நடிகர் டேவிட் காரிக், ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், எழுத்தாளர் ஆலிவர் கோல்ட்ஸ்மித் எல்லாம் வந்திருந்தார்கள். பேச்சு ஷேக்ஸ்பியர் பக்கம் திரும்பியது. மேக்பெத் நாடகத்தில் இரவை வர்ணிக்கும் இடத்தில் வண்டும் வௌவாலும் வருவதால் இருட்டு என்ற எண்ணம் குறைந்துவிடுகிறது என்பது ஜான்சனின் குறை. இருட்டு என்றால் இருட்டு மட்டும்தான் இருக்க வேண்டும், சுண்டக் காய்ச்சிய இருட்டாக. அதற்கு அவர் வாயிலிருந்து வந்த சொற்கள்தான் ‘இன்ஸ்பிஸேட்டட் குளூம்’. பாஸ்வெல் அதைக் குறித்து வைத்து 1791-ல் வெளிவந்த ஜான்சன் வரலாற்றில் சேர்த்துவிட்டார்.

அதே உட்காரலில், ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகத்தில் வரும் டோவர் மலைமுகட்டு வர்ணனையையும் ஜான்சன் விடவில்லை. பள்ளத்தைச் சொல்ல வந்தால் வெறும் பள்ளமாகவே இருக்க வேண்டும், நடுவில் பறக்கும் காக்கைகள் விழுபவனைத் தடுத்து நிறுத்திவிடுகின்றன என்றார். கூட இருந்தவர்களுக்கு நல்ல பொழுதாக இருந்திருக்கும். என்னைக் கேட்டால் இரண்டிலும் ஷேக்ஸ்பியர் பக்கம்தான் நியாயம். ஒரு வண்டின் ரீங்காரம் கேட்டால்தான் இருட்டு எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனாலும் ‘இன்ஸ்பிஸேட்டட் குளூம்’ என்ற தொடரில் ஒரு கனம் இருப்பதை மறுக்க முடியாது. பிறகு வந்த ஆங்கில எழுத்தாளர்களும் இதை எடுத்தாண்டார்கள்.

பழைய மருந்து நூல்களில் ‘இன்ஸ்பிஸேட்டட் ஜூஸ்’ என்று அடிக்கடி வருகிறது. அது என்ன சாறு?

காய்ச்சியோ உலர்த்தியோ கட்டியாக்கிய செடிச்சாறு. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஒரு சாற்றைக் கெடாமல் வைத்திருக்கவும் தூரதேசத்துக்கு அனுப்பவும் அதுதான் வழி. நீர் வற்றிவிட்டால் கிருமிக்குப் பிழைப்பில்லை.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் கரியபோளம், அதாவது மூசாம்பரம். நாட்டு மருந்துக் கடையில் கறுப்பாக, கண்ணாடி மாதிரி உடையும் கட்டியாகக் கிடைக்குமே, அதேதான். கற்றாழை மடலை வெட்டினால் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு கசப்புச் சாறு வடியும். உள்ளே இருக்கும் வழவழப்பான சோறு வேறு, இது வேறு. இந்த மஞ்சள் சாற்றைக் காய்ச்சி வற்றவைத்தால் கரியபோளம். அடிபட்ட இடத்தில் முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்துப் பத்துப் போடுவார்கள். ஆங்கில மருந்து நூல்கள் இதைக் கற்றாழையின் ‘இன்ஸ்பிஸேட்டட் ஜூஸ்’ என்றுதான் வரையறுத்தன.

அபினியும் இந்த வகைதான். கசகசாச் செடியின் பழுக்காத காயை மாலையில் லேசாகக் கீறிவிடுவார்கள். வெள்ளையாகப் பால் வடியும். இரவோடு இரவாக அது காற்றில் உலர்ந்து பழுப்பு நிறப் பிசினாகிவிடும். காலையில் சுரண்டி எடுப்பார்கள். இங்கே அடுப்பே கிடையாது, தானாக நடப்பதுதான். அதனால் மருந்து நூல்கள் ‘தானே ஆவியாகி இன்ஸ்பிஸேட் ஆனது’ என்று குறிப்பாகச் சொல்லும். அப்படிச் சேர்த்த அபினியைப் பதப்படுத்த ஆங்கிலேயர்கள் 1820-ல் உத்தரப் பிரதேசத்து காஜிப்பூரில் தொடங்கிய ஆலை இன்றைக்கும் அரசு ஆலையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி, கருங்காலி மர வைரத்தைச் சீவிக் கொதிக்கவைத்து அந்த நீரை வற்றக் காய்ச்சியது. வேங்கை மரப்பட்டையைக் கீறினால் ரத்தம் போல வடிந்து இறுகும் பிசினும் இதே பட்டியலில் வரும்.

அப்படியானால் கருப்பட்டியும் இன்ஸ்பிஸேட் ஆனதுதானா?

ஆமாம், அச்சு அசலாக. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை வடிகட்டி, பெரிய பாத்திரத்தில் ஊற்றி விறகடுப்பில் ஏற்றுகிறார்கள். முதலில் தண்ணீர் போலத்தான் கொதிக்கும். அப்புறம் நுரை பொங்கி விளிம்பைத் தொடும். அப்போது ஆமணக்கு முத்தை நசுக்கித் துளி போட்டால் அதிலுள்ள எண்ணெய் நுரையை அடக்கிவிடும். நேரம் போகப் போகக் குமிழ்கள் சின்னதாகி, துடுப்பில் இருந்து ஒழுகும் பாகு நூலாக இறங்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார்கள். உருண்டால் இறக்கிச் சிரட்டையில் ஊற்ற வேண்டியதுதான். அதற்கு முன்னாலேயே, பாகு நிலையில் நிறுத்தி மாதக்கணக்கில் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு.

பதநீரில் பெரும்பகுதி தண்ணீர். அதைத் துரத்திவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வதற்கு ஆங்கிலேயர்கள் லத்தீனில் போய்ச் சொல் தேடினார்கள். நம்மூரில் ‘வத்த வச்சு எடு’ என்றால் வேலை முடிந்தது.

சாறு கெட்டியானால் அதன் குணமும் கூடுமா?

எல்லோருக்கும் வரும் எண்ணம்தான் இது. எல்லாச் சாற்றுக்கும் பொருந்தாது. இதற்கு ஆங்கிலக் கடற்படை கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

நீண்ட கடல் பயணங்களில் மாலுமிகளின் ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய புண்ணெல்லாம் திறந்துகொண்டு செத்துப்போகும் ஸ்கர்வி என்ற நோய் இருந்தது. 1747-ல் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராக ஆறு குழுவாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும்தான் சட்டென்று தேறினார்கள். 1753-ல் அதை நூலாகவும் எழுதினார்.

சரி, பழத்தை மாதக்கணக்கில் கப்பலில் எப்படி வைத்திருப்பது? அழுகிவிடுமே. சாற்றைப் பிழிந்து, கொதிநீரின் மேல் வைத்த பாத்திரத்தில் பல மணி நேரம் வற்றவிட்டுப் பாகுப் பதத்தில் புட்டியில் அடைத்துக்கொள்ளலாம் என்று லிண்டே யோசனை சொன்னார். ‘ராப்’ என்று அதற்குப் பெயர், அரபு மொழியின் ‘ருப்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் நோயைக் குணப்படுத்தியது வைட்டமின் சி, அது நீண்ட நேரச் சூட்டிலும் காற்றிலும் சிதைந்துபோகும். புளிப்பு இருந்தது, மணம் இருந்தது, மருந்து பெரும்பாலும் போய்விட்டது. வைட்டமின் சி என்ற ஒன்று இருப்பதே இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. எனவே எங்கே தப்பு நடக்கிறது என்று லிண்டுக்குப் புரிந்துகொள்ள வழியில்லை. 1795-ல்தான் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவு செய்தது.

இதற்கு இடையில் 1772-ல் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக் இரண்டாவது பெரும்பயணம் கிளம்பியபோது, வற்றவைத்த பீர்ச்சாற்றைப் பீப்பாய்களில் ஏற்றிப் போனார். வேண்டியபோது தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்தால் பீர் தயார் என்பது திட்டம். கப்பல் ஆவணங்களில் அதன் பெயரும் ‘இன்ஸ்பிஸேட்டட் ஜூஸ்’தான்.

சூட்டைக் குறைத்து நீரை மட்டும் விரட்டும் வழி பின்னால் வந்தது. மூடிய பாத்திரத்துக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் தண்ணீர் நூறு டிகிரிக்கு வெகு முன்பே கொதிக்கும். அமெரிக்காவில் கெயில் போர்டன் 1856-ல் பாலை இப்படி வற்றவைக்கக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் கண்டன்ஸ்டு மில்க் டப்பாவுக்கு ஆரம்பம் அங்கேதான்.

என் சைனஸ் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘இன்ஸ்பிஸேட்டட் செக்ரீஷன்ஸ்’ என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த வார்த்தை மட்டும் பயப்படக் காரணமில்லை. ‘அங்கே தேங்கியிருக்கும் சளி நீர் வற்றி இறுகிப் போயிருக்கிறது’ என்று மட்டும்தான் அது சொல்கிறது. அது நோயின் பெயரல்ல, நிலையின் வர்ணனை.

சைனஸ் அறையின் வாய் அடைபட்டால் உள்ளே சுரக்கும் சளிக்கு வெளியேற வழியிருக்காது. நாள் ஆக ஆக அதிலுள்ள நீரைச் சுற்றியிருக்கும் சவ்வு உறிஞ்சிவிடும். புரதம் மட்டும் செறிந்துகொண்டே போகும். சி.டி. ஸ்கேனில் புதுச் சளி மங்கலாகத் தெரியும், இறுகிய சளி பளிச்சென்று வெளுப்பாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் கதிரியக்க மருத்துவர் இந்தச் சொல்லை எழுதுகிறார். நாள்பட்ட அடைப்பிலும் வரும், ஒவ்வாமையால் வரும் ஒருவகைப் பூஞ்சை சைனஸ் நோயிலும் வரும். எது என்று சொல்ல ரிப்போர்ட் மட்டும் போதாது. மூக்கு, தொண்டை மருத்துவர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, உங்கள் தொந்தரவுகளைக் கேட்டு முடிவு செய்வார்.

எம்.ஆர்.ஐ.யில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சளி ரொம்பவும் இறுகிப்போனால் சில படங்களில் அது கன்னங்கரேல் என்று தெரியும். காற்றும் அப்படித்தான் தெரியும். ஆகவே நிரம்பி அடைத்துக்கிடக்கும் சைனஸ், காலியாக ஆரோக்கியமாக இருப்பதுபோல ஏமாற்றிவிடும். சைனஸ் விஷயத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் மருத்துவர் சி.டி. கேட்டால், வீண் செலவு என்று சண்டை பிடிக்காதீர்கள்.

நுரையீரல் ரிப்போர்ட்டில் வந்தால்?

மூச்சுக் குழாய்க்குள் சளி கெட்டிப்பட்டு அடைப்பான் மாதிரி நிற்கிறது என்று பொருள். ஆஸ்துமா, நாள்பட்ட நெஞ்சுச்சளி எனக் காரணம் பலவாக இருக்கலாம்.

பிறந்த குழந்தைக்கு ‘இன்ஸ்பிஸேட்டட் பைல்’ என்று டாக்டர் சொன்னார். அது என்ன?

பித்தநீர் கெட்டிப்பட்டுப் பித்தக் குழாயை அடைத்திருக்கிறது என்று பொருள். தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை ஒத்துப்போகாமல் குழந்தையின் சிவப்பணுக்கள் பெருமளவு உடைந்தால், அந்தக் கழிவெல்லாம் பித்தநீருக்குள்தான் வந்து சேரும். பாரம் கூடிப்போய் அது சேறாகிக் குழாயில் நின்றுவிடும். பல குழந்தைகளுக்கு மருந்திலோ, குழாயைக் கழுவிவிடுவதிலோ சரியாகிவிடும்.

இங்கே சொல்லைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பித்தக் குழாயே சரியாக உருவாகாத ‘பிலியரி அட்ரீசியா’ என்ற நோயும் வெளியில் பார்க்க இப்படித்தான் இருக்கும். அதற்கு அறுவைச் சிகிச்சை, பிறந்த 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை குறையாமல், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால், வெயிலில் காட்டினால் போய்விடும் என்று யாராவது சொல்வதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இந்தச் சொல்லோடு மிக நெருங்கிய நோய் எது?

சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ். உடம்பின் உப்பு வாயிலில் ஏற்படும் ஒரு பரம்பரைக் கோளாறு. குளோரைடு உப்பைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் புரதம் சரியாக வேலை செய்யாது. உப்பு போனால்தான் அதன் பின்னால் நீர் போகும். நீர் வராததால் நுரையீரலிலும் கணையத்திலும் குடலிலும் சுரப்புகள் எல்லாம் பிசினாக இறுகிவிடுகின்றன. இதற்கான மரபணுவை 1989-ல் அடையாளம் கண்டார்கள், ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது.

சில குழந்தைகளுக்குப் பிறந்த அன்றே இது தெரிந்துவிடும். கருப்பைக்குள் சேர்ந்த முதல் மலம் தார்க்கட்டியாகிக் குடலை அடைத்திருக்கும். மருத்துவ நூல்களில் அந்த இடத்துக்கு வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு பொருந்தாது என்பதால், இன்ஸ்பிஸேட் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

ஆய்வகத்தில் இருக்கும் ‘இன்ஸ்பிஸேட்டர்’ எதை வற்றவைக்கிறது?

எதையும் வற்றவைப்பதில்லை! இந்தப் பக்கத்திலேயே மிகவும் குழப்பும் கேள்வி இதுதான். மாணவர்கள் மேல் தப்பில்லை, சொல்தான் அங்கே தடம் மாறியிருக்கிறது.

காசநோய்க் கிருமியை வளர்க்க லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகம் என்று ஒன்று உண்டு. ஆய்வகத்தில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, ‘எல்.ஜே.’தான். கோழிமுட்டையை உடைத்து அடித்து, அதில் கிளிசரால், தாது உப்புகள், அஸ்பராஜின், மலக்கைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் சேர்க்கிறார்கள். சாயம் மற்றக் கிருமிகளைத் தலையெடுக்கவிடாது. இந்தக் கலவையைச் சின்னச் சின்னப் புட்டிகளில் ஊற்றி, சாய்த்து அடுக்கி, இன்ஸ்பிஸேட்டர் பெட்டிக்குள் வைத்து 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவிடுகிறார்கள். முட்டை வெந்து, சாய்ந்த வாக்கிலேயே வெளிர்பச்சை நிறத்தில் இறுகிவிடும். அந்தச் சரிவின் மேல்தான் சளியைப் பூசிக் கிருமியை வளர்ப்பது.

ஏன் மற்ற ஊடகங்களைப் போல ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில், 121 டிகிரியில் வைக்கக் கூடாது? முட்டைப் புரதம் தாங்காது. சூடு 85-ஐத் தாண்டினாலே மேற்பரப்பில் குமிழும் ஓட்டையும் விழுந்து புட்டி வீணாகிவிடும். அதனால்தான் குறைந்த சூடு. சீரம், முட்டை ஊடகங்களைக் கிருமி நீக்கம் செய்ய, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்று தொடர்ந்து மூன்று நாள் சூடேற்றும் முறையைப் பாடநூல்கள் சொல்லும். முதல் நாள் சூட்டில் தப்பிய கிருமி வித்துகள் முளைத்து எழும்போது அடுத்த நாள் சூட்டில் மாட்டிக்கொள்ளும் என்பது கணக்கு.

ஆக, இங்கே நடப்பது நீர் வற்றுதல் அல்ல, வெந்து உறைதல். சொல்லப்போனால் ஊடகம் காய்ந்துவிடக் கூடாது என்பதில்தான் கவனம் இருக்கும். அந்த ஈரத்தை நம்பித்தான் காசநோய்க் கிருமி இரண்டிலிருந்து எட்டு வாரம் வரை மெல்ல மெல்ல வளர்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கி, இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கும் மையம் முதல் மருத்துவக் கல்லூரி ஆய்வகங்கள் வரை எல்.ஜே. புட்டிகள் எத்தனையோ தலைமுறை மாணவர்களின் கைவழி போயிருக்கின்றன. இன்ஸ்பிஸேட் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் அதிகம் உச்சரித்தவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

தேர்வில் கேட்டால் ‘80–85 டிகிரி, புரதம் உள்ள ஊடகம், ஆட்டோகிளேவ் கூடாது’ என்று எழுதுங்கள். ‘நீரை ஆவியாக்குதல்’ என்று அகராதிப் பொருளை எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கண் மருத்துவர்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களே?

இமை விளிம்பில் இருக்கும் மைபோமியன் சுரப்பிகளில் எண்ணெய் இறுகி அடைத்துக்கொள்வதை அப்படிச் சொல்வார்கள். அங்கேயும் நீர் வற்றுவது முதன்மையான காரணமல்ல, எண்ணெயின் தன்மையே மாறிக் கெட்டிப்படுகிறது. வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கச் சொல்வது அந்த எண்ணெய் இளகத்தான்.

மருத்துவத்துக்கு வெளியே வேறு எங்காவது?

பெட்ரோலிய நிலவியலில் உண்டு. பூமிக்கடியிலிருந்து மேலே கசிந்து வந்த கச்சா எண்ணெய், லேசான பகுதிகளைக் காற்றில் இழந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து கீலாக இறுகுவதற்கு இன்ஸ்பிஸேஷன் என்று பெயர். கரீபியத் தீவான டிரினிடாட்டில் இருக்கும் பிட்ச் ஏரி இதற்குப் பேர்போன உதாரணம். ஏரி என்று பெயர், மேலே மனிதர்கள் நடக்கலாம். இங்கே போவது தண்ணீர் அல்ல, எண்ணெயின் ஆவியாகும் பாகங்கள்.

கண்டன்ஸ், கோயாகுலேட், கன்ஜீல் எல்லாம் இதே பொருள்தானே?

பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஆனால் வேறு வேறு குடும்பம். கோயாகுலேட் என்றால் உறைவது, திரிவது. ரத்தம் உறைவதும் முட்டை வேகுவதும் பால் திரிவதும் அது. நீர் குறையத் தேவையில்லை. கன்ஜீல் பெரும்பாலும் குளிரில் உறைவது, ஆறிப்போன நெய் மாதிரி. கண்டன்ஸ் பரந்த சொல். ஆவி நீராவதற்கும் அதுதான், பாலை வற்றவைப்பதற்கும் அதுதான், கட்டுரையைச் சுருக்குவதற்கும் அதுதான். கான்ஸன்ட்ரேட் என்றால் செறிவைக் கூட்டுவது. அதன் பிறகும் பொருள் தண்ணீர் போல ஓடலாம். கையில் ஒட்டும் பதம், இழுத்தால் வராத பதம் வந்தால்தான் இன்ஸ்பிஸேட்.

தமிழில் இதை எப்படி எழுதுவது?

எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லை வைத்து ஒட்டப் பார்க்காதீர்கள். மொழிபெயர்ப்புகளில் ‘தடிப்பாக்கம்’, ‘அடர்வாக்கம்’ என்றெல்லாம் பார்க்கும்போது, நோயாளி அதைப் படித்து என்ன புரிந்துகொள்வார் என்று தோன்றும். அடுப்பில் நடந்தால் ‘சுண்டக் காய்ச்சிய’, ‘குறுகக் காய்ச்சிய’. சித்த மருத்துவ நூல்கள் குடிநீரை எட்டிலொன்றாகக் குறுக்கச் சொல்வதும், மெழுகுப் பதம், குழம்புப் பதம் என்று பிரித்துச் சொல்வதும் நமக்குக் கைவந்த வழக்கு. தானாக உலர்ந்தால் ‘வற்றி இறுகிய’. உடம்புக்குள் என்றால் ‘இறுகிய சளி’, ‘கெட்டிப்பட்ட பித்தநீர்’. ஆய்வகக் கருவிக்கு இன்ஸ்பிஸேட்டர் என்றே விட்டுவிடலாம். ஜான்சனின் இருட்டுக்கு ‘மையிருட்டு’ என்று நான் போடுவேன். மையும் அரைத்துக் காய்ச்சி எடுப்பதுதானே.

ஆங்கிலத்தில் எழுதும்போது நான் இதைப் பயன்படுத்தலாமா?

மருத்துவக் கட்டுரை, ஆய்வக அறிக்கை, மருந்து வரலாறு என்றால் தாராளமாக. அங்கே ‘திக்கன்’ என்று எழுதினால்தான் துல்லியம் குறையும். சமையல் குறிப்பில் போட்டால் படிப்பவர் சிரிப்பார், அதற்கு ‘ரெட்யூஸ்’ இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் வேண்டவே வேண்டாம்.

கிண்டலுக்கு மட்டும் இது அருமையான சொல். புரியாமல் எழுதும் ஒருவரின் நடையை ‘இன்ஸ்பிஸேட்டட்’ என்றால், தெளிவெல்லாம் வற்றிப்போய்க் கோந்தாக நிற்கிறது என்று ஒரே சொல்லில் வந்துவிடும். திட்டு வாங்கியவர் அகராதியைப் புரட்டி முடிப்பதற்குள் நீங்கள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

இலக்கணத்தில் சிக்கல் இல்லை. பிறவினையாகவும் வரும், தன்வினையாகவும் வரும். சாற்றை ஒருவர் இன்ஸ்பிஸேட் செய்யலாம், சாறு தானாகவும் இன்ஸ்பிஸேட் ஆகலாம்.

இதற்கு எதிர்ச்சொல் என்ன?

தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் ‘டைல்யூட்’. மெலிந்துபோனால் ‘அட்டென்யுவேட்’. நெஞ்சில் இறுகிய சளியை இளக்கும் மருந்துக்கு ‘மியூகோலிட்டிக்’ என்று பெயர், மருந்துக் கடையில் கேட்டால் அசிட்டைல்சிஸ்டீனைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரையாக எடுத்துக் கொடுப்பார்கள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு போய்க் கேளுங்கள்.